கப்பலேறிய குதிரை

தோவாளை என்றதும் கேட்பவர் நெஞ்சில் பூ மணக்கும். பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் அரளியும் எங்கள் சந்தையில் விடியுமுன் விலைபோய், கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் புறப்பட்டுவிடும். அத்தகைய பூவூரில் வாழும் ஒருவன் குதிரையைப் பற்றிப் பேசப் புகுவது பொருத்தமா என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில் எருதுக்கும் எருமைக்கும் இருந்த வேலை குதிரைக்கு இருந்ததில்லை. சேற்று நிலம் அதன் குளம்புக்கு ஒவ்வாது. ஆயினும் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. அது பாண்டி நாட்டிலிருந்து சேர நாட்டுக்குள் புகும் வாயில். காற்று எப்படி அவ்வழியாகத் தடையின்றி வருகிறதோ, அப்படியே படைகளும் வந்தன. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சிக் காலத்தில், 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், கும்பினிப் படை அக்கணவாயின் அரண்களைத் தாக்கிக் கைப்பற்றியது. படை என்றால் நால்வகைப் படை என்றும், அவற்றுள் பரி ஒன்று என்றும் நாம் படித்திருக்கிறோம். அந்தப் பரி எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை பிறப்பதில்லை. அது கடல் கடந்து வந்தது. வரலாற்றுப் பாட நூல்கள் இதனை, ‘அரபு நாட்டிலிருந்து குதிரைகள் இறக்குமதி செய்யப்பட்டன’ என்று ஒரே வரியில் சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடும். நானும் பல ஆண்டுகள் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவனே. ஒரு நாள் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் எழுந்து, “ஐயா, குதிரை கப்பலில் எப்படி ஏறிற்று?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டைத் தூக்கி ஏற்றலாம். கோழியைக் கூடையில் வைத்து ஏற்றலாம். நானூறு கிலோ எடையுள்ள, உதைத்தால் எலும்பை முறிக்கவல்ல, அஞ்சினால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஒரு விலங்கை, ஆடுகின்ற மரக்கலத்தில் எப்படி ஏற்றினார்கள்? வாணிகம் முழுவதும் அந்தச் சில அடித் தொலைவில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது!

முதலில், குதிரை ஏன் ஏற மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் அதனைப் பிடிவாதம் என்பர். எனக்கு அது உடன்பாடன்று. குதிரை வேட்டையாடும் விலங்கன்று; வேட்டையாடப்படும் விலங்கு. வெட்டவெளியில் தூரத்துப் பகையைக் கண்டு ஓடித் தப்புவதே அதன் வாழ்க்கை. அதற்கேற்ப அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஏறக்குறையச் சுற்றிலும் உள்ள அனைத்தையும் அது பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் அதன் கண்ணுக்குப் படா. தலையை உயர்த்தி இழுத்துப் பிடித்தால், தான் கால் வைக்கப்போகும் பலகையே அதற்குத் தெரியாமற் போகும். வெயிலிலிருந்து இருட்டுக்குள் போனால் நம் கண்ணைக் காட்டிலும் அதன் கண் மெதுவாகவே பழகும். ஆகவே கதவு திறந்த இருண்ட அறை அதற்கு ஒரு குகை; குகைக்குள் புலி இருக்கலாம். பலகையில் குளம்பு வைத்ததும் ‘தொம்’ என்று உள்ளீடற்ற ஓசை எழும். காலுக்குக் கீழே நிலம் இல்லை என்பதை அவ்வோசை அறிவிக்கிறது. ஓடித் தப்ப வழியில்லாத இடத்துக்குள், கால் நம்பாத தரையின் மேல், கண் தெரியாத இருட்டை நோக்கி நடவென்று சொல்கிறோம். நில் என்கிறது அதன் இயல்பு. அது நிற்கிறது.

இதைப் பழங்காலத்திலேயே உணர்ந்தவர்கள் உண்டு. கிரேக்க நாட்டுச் செனொபோன் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையைச் சினத்தோடு அணுகவே கூடாது என்பது அவர் முதல் விதி. அது ஒரு பொருளைக் கண்டு மிரண்டால், அப்பொருளில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். அடித்தால் அச்சம் இரட்டிக்கும், ஏனெனில் அடியின் வலிக்கும் அப்பொருளே காரணம் என்று குதிரை எண்ணும் என்கிறார் அவர். அலெக்சாந்தர் புசிபலசு என்னும் குதிரையை அடக்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். புளூட்டார்க் சொல்லும் அக்கதையில் சிறுவன் செய்ததென்ன? குதிரை தன் நிழலைக் கண்டு மிரளுகிறது என்று கண்டான். அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னே போயிற்று, அச்சமும் போயிற்று. அங்கே நின்ற பெரியவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். சிறுவன் குதிரை பார்த்ததைப் பார்த்தான்.

கிரேக்கர் கடலிலும் குதிரை ஏற்றிச் சென்றனர். கிறிஸ்துவுக்கு முன் 430ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்தார் பழைய போர்க்கப்பல்களை மாற்றியமைத்து, முந்நூறு குதிரை வீரர்களைக் கொண்டுசென்றதாகத் தூசிடைடிசு எழுதியிருக்கிறார். ஆனால் ஏற்றும் முறையைக் கண் முன்னே நிறுத்துபவர் பிரெஞ்சு நாட்டு சுவான்வீல். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் போருக்காக 1248ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மார்செய் துறையில் அவர் கப்பலேறினார். கப்பலின் பக்கத்துக் கதவு திறக்கப்பட்டது. குதிரைகள் அதன் வழியே உள்ளே நடத்தப்பட்டன. பிறகு கதவை மூடி, பீப்பாயின் மூடியை அடைப்பதுபோல் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். ஏனென்றால், கப்பல் கடலுக்குள் சென்றதும் அந்தக் கதவு முழுவதும் நீருக்கடியில் இருக்கும்! குதிரையைத் தூக்க வேண்டியதில்லை. அது தானே நடந்து உள்ளே போகட்டும் என்பதற்காகக் கப்பலின் விலாவையே திறந்துவைத்த துணிவு வியக்கத்தக்கது. இன்று மோட்டார் வண்டியின் பின்னே பூட்டும் குதிரை டிரெய்லரின் சரிவுக் கதவும் அந்த எண்ணத்தின் வழிவந்ததே.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையும் துறைமுகத்துக்குக் கலங்கள் புரவி கொணர்ந்ததைச் சொல்கிறது. பாட்டில் குதிரை நிமிர்ந்து நிற்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லுவது புலவர் வேலையன்று. அதைச் சொல்ல ஓர் அயல்நாட்டுப் பயணி வேண்டியிருந்தது.

1292ஆம் ஆண்டையொட்டித் தமிழகக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த காயல் பட்டினத்தைக் கண்டு வியந்தார். ஓர்மசு, கிசு, ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கலங்கள் எல்லாம் அங்கே தங்கிச் செல்லும் என்று எழுதினார். அந்தக் காயல் இன்று கடலைவிட்டு விலகிக் கிடக்கும் பழையகாயல் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் அங்கே மண்ணைக் கிளறிச் சீனப் பாண்டங்களின் உடைந்த துண்டுகளைக் கண்டெடுத்தார். எங்கள் தோவாளையிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். உப்பளமும் உடைமரமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குதிரை வந்த கலம் எத்தகையது? ஓர்மசுக் கலங்களைப் பற்றி மார்க்கோ போலோ இகழ்ச்சியாகவே எழுதியிருக்கிறார். இரும்பு ஆணி கிடையாது. மர முளைகளும் தென்னங்கயிற்றுத் தையலுமே பலகைகளைப் பிணித்தன. ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான். மேல்தளம் கிடையாது. சரக்கை ஏற்றியபின் அதன்மேல் தோல்களை விரித்து மூடுவார்கள். அந்தத் தோல்களின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். இத்தகைய கலங்களில் பல கடலில் மூழ்கின என்றும் அவர் கூறுகிறார். கப்பல் என்ற முறையில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் குதிரையின் இடத்தில் நின்று பார்த்தால், அதில் ஒரு நன்மையும் தெரிகிறது. சுவான்வீலின் குதிரைகள் அடைத்த கதவுக்குப் பின்னே இருட்டில் நின்றன. காயலுக்கு வந்த குதிரைகள் திறந்தவெளியில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. குகைக்குள் போ என்று அவற்றிடம் எவரும் சொல்லவில்லை. எனினும் வெயிலும் உப்புக்காற்றும் அலையின் ஆட்டமும் அவற்றை வாட்டியிருக்கும். குதிரைக்கு இன்னொரு குறையும் உண்டு: அதனால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றில் ஒவ்வாதது தங்கினால் வலி முற்றிச் சாவுதான். பல நாள் கடற்பயணம் அதன் வயிற்றுக்கு ஒரு சோதனை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இவ்வாணிகத்தின் கணக்கைத் தந்திருக்கிறார். ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் பாண்டி நாட்டுக்கும் சுற்றுப்புறத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டன. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. ஆகக் கூட்டுத்தொகை 22 இலட்சம் தினார். கிசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளாக 1,400 அனுப்ப ஏற்பாடு இருந்தது. அவருடைய தம்பி தகியுத்தீனே பாண்டியனிடம் அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளின் தலைவராகவும் இருந்தார். விற்பவரும் வாங்குபவருக்காகப் பேசுபவரும் உடன்பிறந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வழியில் குதிரைகளுக்குக் கேடோ சாவோ நேர்ந்தாலும், அவற்றின் விலை அரசனுடைய கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதே அது.

கணக்குப் பாடம் தெரிந்த எந்த மாணவனும் இதன் விளைவைச் சொல்லிவிடுவான். உயிரோடு இறங்கினாலும் 220 தினார். செத்துக் கடலில் வீசப்பட்டாலும் 220 தினார். அப்படியிருக்க, ஏற மறுக்கும் குதிரையிடம் ஒரு நாழிகை பொறுமை காட்டக் கப்பல்காரனுக்கு என்ன தேவை? இழு, அடி, தள்ளு. கால் முறிந்தால் முறியட்டும். இப்படித்தான் நடந்தது என்று எழுதிவைத்த ஏடு ஒன்றும் என் கையில் இல்லை. விதி எதனைத் தூண்டியிருக்கும் என்பதையே சொல்கிறேன்.

கரை சேர்ந்த குதிரையின் நிலையும் நன்றாயில்லை. ஐந்து உடன்பிறந்த அரசர்களும் ஆளுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. அத்தகையவர் எவரும் இங்கு வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச் சாகத்தான் அடுத்த ஆண்டு விற்பனை என்பது அவர்கள் கருத்து என்று அவர் குற்றஞ்சாட்டுகிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பாலும் குதிரைக்குத் தீனியாகக் கொடுத்ததாக வசாப் எழுதுகிறார். அன்பால் கொடுத்திருப்பார்கள். கொள்ளும் புல்லும் வேண்டிய வயிற்றுக்கு நெய்யும் பாலும் ஊற்றினால் என்னாகும்? பயணிகளின் எண்களை அப்படியே நம்பிவிட வேண்டா என்றே நான் மாணவர்களுக்குச் சொல்லுவேன். ஆயினும் இருவர், வெவ்வேறு நாட்டினர், ஒரே கதையைச் சொல்லும்போது காது கொடுக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள். பாண்டியனின் அமைச்சராகிய அவர், துறையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கக் கருவூலப் பொருளோடு திருப்பெருந்துறைக்குப் போகிறார்; பொருள் திருப்பணியில் செலவாகிவிடுகிறது; இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகராக மதுரைக்கு ஓட்டிவருகிறார். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடைபெறும் திருவிளையாடல் இது. சமயச் செய்தியை விட்டு வாணிகச் செய்தியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாறுதல் என்னும் சடங்கு நடக்கிறது. விற்பவர் கையிலிருந்த கயிறு வாங்குபவர் கைக்கு மாறும். அதுவரை பொறுப்பு விற்பவருடையது, மாறியபின் வாங்குபவருடையது. அன்றிரவே பரிகள் நரிகளானபோதும் வணிகரைத் தேடிப்பிடித்துக் கேட்க வழியில்லாமற் போனதற்குக் காரணம் அந்தக் கயிறே. காயல் ஒப்பந்தத்தில் கயிறு அரபு நாட்டுக் கரையிலேயே, குதிரையைக் கண்ணால் காணாமலே மாறிவிட்டது.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் விசயநகரத்தில் இது இன்னும் விந்தையான வடிவம் பெற்றது. சாளுவ நரசிம்மன் ஓர்மசுக் குதிரைகளை ஆயிரம் பர்தாவுக்கு மூன்றாக, உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் வாங்கிக்கொண்டான் என்று போர்ச்சுகீசியரான நூனிசு எழுதுகிறார். கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். முழு விலை கிடைக்கும். வால் கப்பலேற மறுப்பதில்லை. அதற்குத் தீனியும் வேண்டா! அரசனை ஏமாளி என்று சிரித்துவிடலாகாது. பகையரசனிடம் குதிரை போய்விடக் கூடாது என்பது அவன் அரசியல். அந்த அரசியலுக்கு விலை கொடுத்தது குதிரை.

ஆங்கிலேயர் காலத்தில் கிழக்கேயிருந்து குதிரைகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து வந்தமையால் அவற்றை வேலர் என்றனர். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கரையில் இறக்கப்படும் காட்சியை 1834ஆம் ஆண்டளவில் ஈஸ்ட் என்னும் ஓவியர் தீட்டியிருக்கிறார். கட்டுமரமும் மசூலாப் படகும் அதில் உண்டு. மசூலாப் படகும் தென்னங்கயிற்றால் தைத்ததே என்பது நினைவிருக்கட்டும். ஆணியடித்த படகு அலையில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு வளைந்துகொடுத்துக் கரை சேர்ந்தது. மார்க்கோ போலோ இகழ்ந்த கயிற்றைச் சென்னையின் அலை மதித்தது.

தரையில் குதிரையை வண்டியில் ஏற்றிச் செல்லும் பழக்கத்துக்குப் புகழ் தேடித் தந்தது 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பந்தயம். எலிஸ் என்னும் பந்தயக் குதிரை தெற்கே குட்வுட்டில் இருந்தது. பந்தயமோ வடக்கே டான்காஸ்டரில். நடந்து போனால் இரண்டு வாரத்துக்கு மேலாகும். இனி அது வந்து சேராது என்று சூதாடிகள் அதற்கெதிராகப் பணம் கட்டினர். சார்சு பெண்டிங்க் பிரபு குதிரையை ஒரு பெரிய மூடுவண்டியில் ஏற்றி, ஆறு குதிரைகளைப் பூட்டி, மூன்றே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எலிஸ் வென்றது. குதிரையைக் குதிரை இழுத்துச் சென்ற வேடிக்கையைக் கண்டவர்கள் முதலில் நகைத்திருப்பர். பிறகு இரயில் வந்தது. குதிரைக்குத் தனிப் பெட்டியும், குதிரைக்காரன் உடனிருக்க ஒட்டினாற்போல் ஓர் அறையும் அமைத்தார்கள். அந்த அறை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பழகிய முகம் அருகில் இருந்தால் குதிரை அமைதியாக நிற்கும் என்பதை இரயில்வேக்காரரும் அறிந்திருந்தனர்.

நம் நாட்டில் இன்றும் இதனை நேரில் காண விரும்புவோர் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குப் போகலாம். ஆடி மாதம் குருநாதசுவாமி திருவிழாவையொட்டி அங்கே கூடும் சந்தையில் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் நிற்கும். ஓய்வு பெற்ற பிறகு நான் ஒருமுறை போயிருந்தேன். விற்றுப்போன ஒரு பெண்குதிரை லாரியில் ஏற மறுத்து நின்றது. இளைஞர்கள் இருவர் முன்னே நின்று தலைக்கயிற்றை இழுக்க, ஒருவர் பின்னே நின்று பிரம்பை வீசினார். குதிரை பின்னங்காலில் எழுந்தது, கூட்டம் சிதறியது. அப்போது தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர் வந்து, “இழுக்காதீங்க தம்பி, அது பார்க்கட்டும்” என்றார். லாரியை ஒரு மண்மேட்டோடு பின்புறம் ஒட்டி நிறுத்தச் சொன்னார். ஏற்றம் குறைந்து லாரியின் தளமும் மேடும் சமமாயின. தளத்தில் வைக்கோலைப் பரப்பச் சொன்னார், ஓசை அடங்கியது. வயதான குதிரை ஒன்றை முதலில் ஏற்றி உள்ளே நிறுத்தினார். பிறகு கயிற்றைத் தளரவிட்டுப் பெண்குதிரையின் தோளருகே, முகத்தைப் பாராமல், சும்மா நின்றார். அது தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்தது. ஒரு கால் வைத்தது, எடுத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வைத்தது. அரை மணிக்கும் மேலாயிற்று. வெயிலில் நின்ற வாங்கியவருக்குப் பொறுமை போய்விட்டது, முதியவருக்குப் போகவில்லை. பிறகு, எவரும் எதிர்பாராத ஒரு நொடியில், அது உள்ளே நடந்துவிட்டது. செனொபோன் என்ற பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார்.

ஏற்றிய பிறகு எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு நம் அரசு விதி வகுத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978ஆம் ஆண்டில் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன. குதிரைக்கென்று அவற்றில் தனிப் பகுதி உண்டு. லாரியின் தளம் வழுக்காதபடி பரப்பு வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் இடையே எட்டுச் சென்டிமீட்டர் பருமனுள்ள மூங்கில் கட்ட வேண்டும். ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் ஏற்றலாகாது. நம் சாலைகளில் எதிர்வரும் வண்டிகள் வலப்பக்கமாகக் கடந்து போகின்றன. அவற்றின் விளக்கும் இரைச்சலும் கண்டு குதிரை மிரளாதபடி, அதன் தலை இடப்பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.